கணினிக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

ஒரு கணினி வாங்கப் புறப்படும் வீடுகளில் முறைவழியாக்கி எது, நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் நீண்ட பேச்சு நடக்கும். அந்தப் பேச்சில் கடைசிவரை இடம்பெறாத ஒன்று உண்டு. அதுதான் பணிசெயல் முறைமைக்கான அனுமதிப்பத்திரம். கையில் எடுத்துப் பார்க்க முடியாதது என்பதால் அதற்கும் ஒரு விலை உண்டு என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. "விண்டோஸ் போட்டுத் தருவாங்க" என்ற ஒரு வசனத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. யார் போட்டுத் தருவார், எந்த உரிமையில் போட்டுத் தருவார், நாளை கணினியில் ஒரு பாகத்தை மாற்றினால் அந்த உரிமை நிலைக்குமா என்று கேட்பவர் மிகக் குறைவு.

நான் தரம் 13 இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் ஒரு பாடமாகக் கற்கின்றேன். தனியுரிமை மென்பொருள், திறந்த மூல மென்பொருள் என்ற இரு வகைகளுக்கும் இரண்டிரண்டு வரியில் விளக்கம் எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் வீட்டில் வாப்பா பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு "எதை வாங்குவது மகள்?" என்று கேட்டபோது அந்த வரிகள் போதவில்லை. நானும் நானாவும் பல நாள் தேடிப் படித்தோம். அவ்வாறு அறிந்துகொண்டவற்றையும், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் கொட்டாஞ்சேனையில் சாச்சா வீட்டுக்கும் நாங்கள் கண்டடைந்த இரு வேறு விடைகளையும் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என எண்ணி இங்கே தருகின்றேன்.

அனுமதி எதற்கு?

உம்மா ஐந்து யார் துணி வாங்கினால் அந்தத் துணி முழுக்க உம்மாவுடையது. வெட்டலாம், தைக்கலாம், அயல் வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். மென்பொருள் அப்படியல்ல. அதை ஒரு நொடியில் ஆயிரம் பிரதி எடுக்கலாம். பிரதி எடுக்கும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. நாம் பணம் கொடுத்துப் பெறுவது, குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பாவிக்கும் அனுமதியை மட்டுமே.

எமது நாட்டில் இதற்கு ஆதாரமாக இருப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அந்தச் சட்டம் பாதுகாக்கப்படும் ஆக்கங்களை வரிசைப்படுத்தும்போது நூல்கள், துண்டுப் பிரசுரங்கள், கட்டுரைகள் ஆகியவற்றோடு கணினி நிரல்களையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறது. சட்டத்தின் கண்ணில் ஒரு நிரலும் ஓர் எழுத்தாக்கம்தான். ஓர் இலக்கிய மலரில் கணினிக் கட்டுரை இடம்பெற இதுவே போதிய நியாயம் என்று நினைக்கின்றேன். தெரிந்துகொண்டே இந்த உரிமையை மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றம் 500,000 ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மார்க்கத்தின் பக்கமிருந்தும் இந்தக் கேள்வி ஆராயப்பட்டுள்ளது. 1988 டிசெம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் மன்றம், நூலாக்கம், கண்டுபிடிப்பு, வர்த்தகப் பெயர் முதலியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது. கண்ணுக்குத் தெரியாத சொத்தும் சொத்துத்தான் என்பதில் சட்டமும் மார்க்கமும் ஒன்றாகவே நிற்கின்றன.

வாகனத்தோடு போவதும் சாரதியோடு போவதும்

விண்டோஸ் அனுமதியில் பல வகைகள் உண்டு. அவற்றைப் புரிந்துகொள்ள நம் எல்லார் வீட்டுக்கும் பழக்கமான இரண்டு பத்திரங்களை நினைத்துப் பார்ப்போம்.

முதலாவது, வாகன வருமான அனுமதிப்பத்திரம். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அது அந்த வாகனத்துக்கு மட்டுமே உரியது. வேறொரு வாகனம் வாங்கினால் அதைக் கழற்றிப் புதிய வாகனத்தில் ஒட்ட முடியாது. இரண்டாவது, சாரதி அனுமதிப்பத்திரம். அது ஆளோடு போகும். பழைய வாகனத்தை விற்றுப் புதியதை வாங்கினாலும் சாரதியின் பத்திரம் அவர் பையிலேயே இருக்கும்.

ஓ.ஈ.எம். எனப்படும் வகை முதலாவதைப் போன்றது. கணினியைக் கட்டி மற்றவருக்கு விற்கும் உற்பத்தியாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் என அமைந்தது அது. எந்தக் கணினியில் முதலில் பதிக்கப்படுகிறதோ அந்தக் கணினியோடு அது கட்டுண்டுவிடும். கணினியின் அடையாளம் என்று கொள்ளப்படுவது பிரதானமாகத் தாய்ப்பலகை. உத்தரவாதக் காலத்தில் பழுதான பலகைக்குப் பதிலாக வேறொன்று தரப்பட்டால் அது வேறு விஷயம். நாமாக விரும்பி வேகமான புதிய பலகையை மாற்றினால், அது புதுக் கணினி என்றே கணிக்கப்படும். பழைய அனுமதி அதற்குச் செல்லாது. விலை குறைவு என்பதே இதன் நன்மை. சிக்கல் வந்தால் உதவ வேண்டியவரும் மைக்ரோசொப்ட் அல்லர்; கணினியைக் கட்டி விற்றவரே.

ரீட்டெய்ல் எனப்படும் சில்லறை வகை இரண்டாவதைப் போன்றது. ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டுமே பாவிக்கலாம். ஆனால் பழைய கணினியிலிருந்து அகற்றிவிட்டுப் புதிய கணினிக்குக் கொண்டுபோகலாம். மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால், பலகை மாற்றிய பிறகு மீண்டும் செயற்படுத்துவதும் எளிது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடையில் முழுமையாகக் கட்டி, விண்டோஸும் பதித்துத் தரும் கணினியை வாங்குபவருக்கு ஓ.ஈ.எம். அனுமதி பொருத்தமானதே. மடிகணினி வாங்குபவருக்கும் பெரும்பாலும் அதுவே கிடைக்கிறது. மடிகணினியில் யாரும் தாய்ப்பலகையை மாற்றுவதில்லை என்பதால் நட்டமும் இல்லை. ஆனால் பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே பூட்டி, தானே பாவிப்பவர் யாருக்கும் விற்கவில்லை. அவருக்கென அமைந்தது சில்லறை வகையே. "கணினியைக் கட்டியது யார்?" என்ற கேள்விக்கு விடை தெரிந்தாலே அனுமதியின் பாதி விடை தெரிந்துவிடும்.

நிறுவனத்தின் பத்திரமும் மலிவுக் கீயும்

மூன்றாவது வகை, பெருந்தொகை அனுமதி. அலுவலகங்கள், பல்கலைக்கழகங்கள் போன்றவை நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே உடன்படிக்கையில் பெறுவது. இதில் ஒரு முறையில், ஒவ்வொரு கணினியும் 180 நாள்களுக்குள் நிறுவனத்தின் சேவையகத்தோடு தொடர்புகொண்டு தன் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தை விட்டு வெளியே போன கணினியில் அந்த அனுமதி ஓய்ந்துவிடும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் கீ என்பது 25 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு தொடர். அந்தத் தொடரை மட்டும் ஓரிரு ஆயிரம் ரூபாவுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி விற்கப்படும் கீ ஏதோ ஒரு நிறுவனத்தின் பெருந்தொகை அனுமதியிலிருந்து பிரித்தெடுத்ததாக இருக்கலாம். பழைய கணினியொன்றில் ஏற்கனவே பாவித்ததாகவும் இருக்கலாம். அன்றைக்கு அது வேலை செய்யும். திரையில் "செயற்படுத்தப்பட்டது" என்றும் வரும். ஆனால் செயற்படுவது வேறு, அனுமதி இருப்பது வேறு. திருட்டுச் சாவியும் பூட்டைத் திறக்கத்தான் செய்கிறது.

நானாவுக்குத் தெரிந்த ஒருவர் எங்களிடம் இதைவிடவும் மலிவான வழியைச் சொன்னார். "ஐயாயிரம் தாங்க தங்கச்சி. விண்டோஸ், ஒபிஸ், டிசைன் சொப்ட்வெயார் எல்லாம் போட்டுத் தாரன். ஒண்டும் பயப்படத் தேவல்ல."

"போடக்குள்ள வைரஸ் கார்டை நிப்பாட்டணுமா?" என்று நானா கேட்டார்.

"ஓ, அது நிப்பாட்டித்தான் போடணும். இல்லாட்டி விடாது."

அந்தப் பதிலே எங்களுக்குப் போதுமாக இருந்தது. பூட்டை உடைக்கும் சிறு நிரலொன்றை உள்ளே விடுவதற்காக, வீட்டின் காவற்காரனை முதலில் வெளியே அனுப்பச் சொல்கிறார்கள். அந்த நிரல் வேறென்ன செய்கிறது என்று பார்க்க அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். இதே கணினியில்தான் வாப்பாவின் வங்கிக் கணக்கும், உம்மாவின் வாடிக்கையாளர் விபரமும், குடும்பப் படங்களும் இருக்கப்போகின்றன.

பூட்டுடைத்த பிரதிகளை வைத்திருப்பவர்கள், அனுமதி பறிபோகும் என்ற அச்சத்தில் இற்றைப்படுத்தலையும் நிறுத்திவிடுவதுண்டு. இற்றைப்படுத்தாமையின் விலை என்ன என்பதை 2017 இல் உலகம் கண்டது. அவ்வாண்டு மே 12 ஆம் திகதி வன்னாக்ரை என்ற தீநிரல் பரவிப் பிரித்தானிய வைத்தியசாலைகள் உட்படப் பல நாடுகளின் கணினிகளை முடக்கிக் கப்பம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச் 14 ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் பெற்றிருந்த கணினிகளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது, பெறாதவை அகப்பட்டுக்கொண்டன.

ஹோமா, புரோவா?

வகையைத் தெரிந்தபின் அடுத்த கேள்வி பதிப்பைப் பற்றியது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் அமெரிக்கப் பட்டியல் விலை 139 டொலர். புரோ பதிப்பு 199.99 டொலர். ஒரு டொலரை 300 ரூபா என்று கொண்டால் ஹோம் 41,700 ரூபா, புரோ ஏறத்தாழ 60,000 ரூபா. இங்கு விற்கும் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் வேறுபடும். ஆயினும் இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால், மிக மலிவாக ஒன்று கண்ணில் படும்போது சந்தேகிக்கத் தோன்றும்.

கூடுதல் 18,000 ரூபாவுக்குப் புரோவில் கிடைப்பவை யாவை? அலுவலக வலையமைப்பில் கணினியை இணைத்து நிருவகிக்கும் வசதி, வேறிடத்திலிருந்து இந்தக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யும் வசதி, வட்டு முழுவதையும் மறைகுறியாக்கி நாமே நிருவகிக்கும் பிட்லொக்கர், கணினிக்குள் கணினி ஓட்டும் ஹைப்பர் வி முதலியவை. உயர்தர மாணவிக்கோ வீட்டுத் தேவைக்கோ இவை பெரும்பாலும் வேண்டியதில்லை. நினைவகத்தின் உச்சவரம்பு பற்றியும் சிலர் அஞ்சுவர். ஹோம் பதிப்பு 128 கிகாபைற்று வரை ஏற்கும். எங்கள் கணினியில் இருப்பதோ 16.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: விண்டோஸ் வாங்கினால் வேர்டும் எக்செலும் கூடவே வருவதில்லை. மைக்ரோசொப்ட் ஒபிஸுக்குத் தனி அனுமதி, தனி விலை. 2010 இல் தொடங்கப்பட்ட லிப்ரே ஒபிஸ் என்ற கட்டற்ற மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். அதற்குக் கட்டணம் இல்லை.

கட்டற்ற வழி

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லைச் சொல்லிக் குழம்பிக்கொள்கிறார்கள். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இலவச மென்பொருள் வேறு, கட்டற்ற மென்பொருள் வேறு. முன்னையது விலையைப் பற்றியது. பின்னையது உரிமையைப் பற்றியது.

1983 இல் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்துக்கும் இயக்குதல், உள்ளே பார்த்துக் கற்று மாற்றுதல், பிரதி எடுத்துப் பகிர்தல், மாற்றியதையும் பகிர்தல் ஆகிய நான்கு சுதந்திரங்களும் பாவிப்பவருக்கு உண்டு என்பது அதன் அடிப்படை. இதற்கென ஜி.பி.எல். என்ற பொது அனுமதி 1989 இல் எழுதப்பட்டது. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் வீட்டுக் கணினிக்காக ஒரு கருவை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த ஆண்டு அதை ஜி.பி.எல். அனுமதியின் கீழ் கொண்டுவந்தார். அதுவே லினக்ஸ். 2004 ஒக்டோபரில் முதலாவது பதிப்பு வெளிவந்த உபுண்டுவும், அதன் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்டும் வீட்டுப் பாவனைக்கு ஏற்ற லினக்ஸ் வகைகள்.

லினக்ஸுக்கு அனுமதிப்பத்திரமே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஜி.பி.எல். என்பதும் ஓர் அனுமதிப்பத்திரம்தான். அதுவும் புலமைச் சொத்துரிமையின் மேலேயே நிற்கிறது. மாற்றியதைப் பிறருக்கு வழங்கினால் அதே சுதந்திரத்தோடு வழங்க வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கிறது. புலமைச் சொத்துச் சட்டம் வலுவிழந்தால் அந்த நிபந்தனையும் வலுவிழக்கும். ஆகவே விண்டோஸுக்குப் பணம் கொடுத்து வாங்குபவரும் லினக்ஸைப் பணமின்றிப் பெறுபவரும் ஒரே நேர்மையின் இரு பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டிலும் எழுதியவர் சொன்ன நிபந்தனை மதிக்கப்படுகிறது. பூட்டுடைத்த பிரதியில் மட்டுமே அது மதிக்கப்படுவதில்லை.

இந்தக் கட்டற்ற வழி நமக்கு அந்நியமானதுமல்ல. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து ஒழுங்குபடுத்த இலங்கை நிரலாளர்கள் தொண்டாக எழுதியதே சஹானா. அது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டதால் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் பாவிக்க முடிந்தது. 2006 ஆம் ஆண்டுக்கான, சமூகப் பயனுள்ள திட்டத்துக்குரிய விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் அனுமதி வாங்க வேண்டியிருந்தால், இடிபாடுகளுக்கு நடுவே யார் வாங்கியிருப்பார்?

தமிழில் எழுதுவதிலும் குறையில்லை. விண்டோஸ் 10 இல் 2019 மே இற்றைப்படுத்தலோடு தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் சேர்க்கப்பட்டன. லினக்ஸில் அவற்றோடு நம் நாட்டில் பழக்கமான ரங்கநாதன் விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். உயர்தரப் பாடத்துக்கு வேண்டிய பைதன், மை எஸ்.கியூ.எல். போன்றவை யாவும் லினக்ஸில் நன்றாகவே இயங்குகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். சில வடிவமைப்பு, வரைபட மென்பொருள்கள் லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. சில அச்சுப்பொறிகள் அடம்பிடிக்கும். வேர்டில் அமைத்த கோப்பை லிப்ரே ஒபிஸில் திறந்தால் பக்க அமைப்புச் சற்றுக் குலையலாம். பழுது வந்தால் தெரு முனையில் உள்ள கடைக்காரருக்கு விண்டோஸ் தெரிந்த அளவுக்கு லினக்ஸ் தெரியாமலும் இருக்கலாம்.

வெள்ளவத்தைக் கணினி

எங்கள் கணினியை நானா பாகம் பாகமாகச் சேர்த்தார். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி விலை கேட்டு, இப்போதைக்கு ஒரு நடுத்தரத் தாய்ப்பலகை, இரண்டு வருடத்தில் அதை மாற்றுவது என்று திட்டமிட்டார். பாகங்கள் வாங்கியபின் வாப்பாவிடம் எஞ்சியது 45,000 ரூபா. அந்தப் பணத்துக்கு இன்னொரு தேவையும் காத்திருந்தது. என் இணைந்த கணித வகுப்புக்குப் பல மாதத்துக்கான கட்டணம் அதிலிருந்துதான் கட்ட வேண்டும்.

"காணக்கூட ஏலாத சாமானுக்கு இவ்வளவு சல்லியா?" என்றார் உம்மா. அது நியாயமான கேள்விதான்.

ஆகவே நாங்கள் வாங்குவதைத் தள்ளிவைத்து, முதலில் தேவையை அளந்து பார்த்தோம். கணினியில் உபுண்டுவைப் பதித்து மூன்று மாதம் பாவித்தோம். யார், எந்த வேலைக்காக விண்டோஸ் இல்லாமல் தடைப்பட்டார் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வந்தோம். என் பெயர் அதில் ஒரு தடவையும் இல்லை. உம்மா வீட்டில் அபாயா தைத்துக் கொடுக்கிறார். அளவுகளையும் முற்பணத்தையும் நிலுவையையும் லிப்ரே ஒபிஸ் விரிதாளில் எழுதப் பழகிக்கொண்டார். வாப்பாவுக்கு இணைய உலாவியே போதுமாக இருந்தது. நானாவின் பெயர் மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு தடவை வந்தது. அவர் கற்கும் கட்டட வரைபடப் பாடநெறிக்கு ஓட்டோகேட் வேண்டும். அது விண்டோஸிலும் மெக்கிலும் மட்டுமே இயங்குவது.

தேவை நிரூபணமானது. கட்டியது நாங்களே, பலகையை மாற்றப்போவதும் நிச்சயம். எனவே சில்லறை வகை ஹோம் பதிப்பு என்று முடிவு செய்தோம். அந்த மூன்று மாதத்தில் நானா பகுதிநேர வேலையில் பாதிப் பணத்தைச் சேர்த்துவிட்டதால் என் வகுப்புக் கட்டணமும் தப்பியது. 41,700 ரூபா என்ற அளவை ஆறு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 580 ரூபா. பலகை மாறினாலும் அனுமதி கூடவே வரும் என்பதால்தான் இந்த ஆறு வருடக் கணக்கு சாத்தியமாகிறது. விண்டோஸை இரண்டாவது வட்டில் பதித்தோம். கணினியைத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்கின்றோம். 2011 இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிகணினி வழங்கத் தொடங்கியபோதும் விண்டோஸையும், இந்தியாவின் சி-டெக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் லினக்ஸையும் இவ்வாறே ஒரே கணினியில் சேர்த்துக் கொடுத்தது.

கொட்டாஞ்சேனைக் கணினி

சாச்சா வீட்டில் இருப்பது, ஓர் அலுவலகம் பாவித்து விற்ற பழைய கணினி. இன்டெல் நான்காம் தலைமுறை முறைவழியாக்கி. பெட்டியின் பக்கத்தில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது. பிற்பாடு இலவச மேம்படுத்தலில் விண்டோஸ் 10 ஆனது. அந்த ஓ.ஈ.எம். அனுமதி முற்றிலும் செல்லுபடியானது. கணினி கைமாறியபோது அனுமதியும் சேர்ந்தே வந்தது.

ஆனால் அனுமதிக்கு ஓர் ஆயுள், ஆதரவுக்கு வேறோர் ஆயுள். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பாவனையாளர் விரும்பிப் பதிந்தால் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் 13 வரை பெறலாம் என்று ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்பட்டது. விண்டோஸ் 11 இற்கோ இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய முறைவழியாக்கியும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அந்தக் கணினியில் இரண்டும் இல்லை. புதிய அனுமதியைப் பணம் கொடுத்து வாங்கினாலும் பொருந்தாது.

சாச்சாவின் பிள்ளைகள் தரம் 8 இலும் 10 இலும் படிக்கிறார்கள். பாடக் காணொளி, ஒப்படை, தமிழ்த் தட்டச்சு இவையே தேவை. "பழகாத சாமான் மகள், புள்ளைகள் தடுமாறுவாங்களே" என்று சாச்சா தயங்கினார். லினக்ஸ் மின்டை ஒரு யு.எஸ்.பி.யில் போட்டு, வட்டில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஒரு கிழமை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். இணையம் வேலை செய்ததா, அச்சுப்பொறி வேலை செய்ததா, தமிழ் எழுத முடிந்ததா என்று மூவரும் சோதித்தார்கள். அச்சு வந்தது, வருடியை மட்டும் இயக்கச் சற்றுப் பாடுபட வேண்டியிருந்தது. அதன்பின் கோப்புகளை வேறொரு வட்டில் பிரதி எடுத்துவிட்டு, மின்டை நிரந்தரமாகப் பதித்தோம். செலவு யு.எஸ்.பி.யின் விலை மட்டும்.

ஒரே குடும்பத்தின் இரு வீடுகள். ஒன்றில் பணம் கொடுத்தோம், மற்றதில் கொடுக்கவில்லை. இரண்டுமே சரியான தீர்மானங்கள் என்று நினைக்கின்றேன். ஏனெனில் இரண்டிலும் முதலில் அளந்தது தேவையை. விலை அதற்குப் பிறகே வந்தது.

பணம் கொடுக்குமுன் ஐந்து கேள்விகள்

தோழியரே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும்போது பெற்றோரோடு அமர்ந்து இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. கணினியைக் கட்டியது யார்? கடை கட்டி விற்றதென்றால் ஓ.ஈ.எம். பொருந்தும். நாமே கட்டியதென்றால் சில்லறை வகையே உரியது.

2. தாய்ப்பலகையை மாற்றும் எண்ணம் உண்டா? உண்டென்றால் பலகையோடு கட்டுண்ட அனுமதிக்குச் செலவழிக்க வேண்டாம்.

3. விண்டோஸ் இல்லாமல் இயங்கவே இயங்காத மென்பொருள் எது? அதன் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் லினக்ஸை யு.எஸ்.பி.யிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

4. இந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் திகதி வரை வரும்? உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு வழமையாக 5 வருடம். விண்டோஸுக்கும் முடிவுத் திகதி முன்னதாகவே அறிவிக்கப்படுகிறது.

5. விற்பவர் பற்றுச்சீட்டில் அனுமதியின் வகையை எழுதித் தருவாரா? ஓ.ஈ.எம். என்றோ, சில்லறை என்றோ, ஹோம் என்றோ, புரோ என்றோ எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

ஐந்தாவது கேள்விக்குக் கிடைக்கும் பற்றுச்சீட்டைக் கணினிப் பெட்டியோடு எறிந்துவிடாமல், வீட்டின் மற்றப் பத்திரங்களோடு ஒரே கோவையில் வையுங்கள். கணினியைச் சுற்றி நாம் வாங்கும் எல்லாம் காலப்போக்கில் பழுதாகும், மாறும், விற்கப்படும். அன்று அந்தப் பத்திரத்தைக் கையில் எடுப்பவர் நீங்களாகவோ உங்கள் தம்பி தங்கையாகவோ இருக்கலாம். எது எங்களுக்குரியது, எதுவரை உரியது என்பது அதில் தெளிவாக எழுதியிருக்கட்டும்.